வன்னியில் இருந்துகொண்டு புளூ ஜேய்ஸைப் பின்தொடர்வது எப்படி

கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ யாரைக் கேட்டாலும் ரொறன்ரோவில் ஒரு மாமாவோ மச்சாளோ இருப்பார்கள். 2025 ஒக்டோபரில் அவர்கள் எடுத்த போன் எல்லாம் ரொறன்ரோவின் பேஸ்போல் அணியான புளூ ஜேய்ஸின் கதைதான், நாங்கள் இந்தப் பக்கம் இருந்து "ஓம் ஓம்" என்று சொல்லிக்கொண்டிருந்தோம். அடுத்த முறை அவர்களோடு சரிக்குச் சரி கதைக்க வேண்டுமா? ஆட்டத்தைப் பார்க்கக்கூடத் தேவையில்லை, வாசிக்கத் தெரிந்தால் போதும். வீடியோ பார்த்தால் போட்ட ரீலோட் எல்லாம் ஒரே காலையில் கரைந்துவிடும், பொக்ஸ் ஸ்கோர் என்பதோ வெறும் எண்கள் உள்ள ஒரு பக்கம், சிக்னல் ஒரு கோடு காட்டினாலும் திறக்கும். விதிகளை முழுக்கப் படித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்றும் இல்லை. பள்ளிக்கூடத்தில் எல்லே அடித்தவருக்கு அடித்துவிட்டுச் சுற்றி ஓடுவது பழகின விஷயம்தானே.

முதலில் நேரம். ரொறன்ரோவில் இரவு 7.07க்குத் தொடங்கும் ஆட்டம் இங்கே அடுத்த நாள் விடிய 4.37. 2023இல் பந்து எறிய நேரக் கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகு பெரும்பாலான ஆட்டங்கள் மூன்று மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடுகின்றன, ஆகவே வயலுக்குப் போய்விட்டு வந்து தேத்தண்ணியோடு உட்காரும்போது முடிவு வந்திருக்கும். பொக்ஸ் ஸ்கோர் பக்கத்தில் அங்கத்தைய திகதிதான் இருக்கும், அதாவது எங்களுக்கு நேற்று. இதை மறந்தால் பழைய ஆட்டத்தையே திரும்ப வாசிப்பீர்கள். ஒரு அணிக்கு 162 ஆட்டம், சிறுபோகம் விதைக்கிற நேரத்தில் தொடங்கிக் காலபோக விதைப்பு வரை ஓடும். ஒரு நாள் தவறினால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

பிட்சரின், அதாவது பந்து எறிபவரின், வரியில் இருந்து தொடங்குங்கள், கிரிக்கெட் தெரிந்தவருக்கு அதுதான் சுலபம். ஐபி, எச், ஆர், ஈஆர், பிபி, கே என்று தலைப்புகள் இருக்கும்: எத்தனை இன்னிங்ஸ் எறிந்தார், எத்தனை ஹிட் (அடித்துவிட்டு அவுட் ஆகாமல் பேஸுக்குப் போவது) கொடுத்தார், எத்தனை ஓட்டம், அதில் களத்தடுப்புப் பிழை இல்லாமல் அவர் கணக்கில் சேருகிற ஓட்டம் எத்தனை, எத்தனை வோக் (நான்கு பந்தைத் தவறாக எறிந்து முதல் பேஸைச் சும்மா கொடுப்பது), எத்தனை ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அடிப்பவரை வெளியேற்றுவது). 6.1 என்றால் ஆறு இன்னிங்ஸும் ஒரு விக்கெட்டும் என்று எடுங்கள். ஒரு இன்னிங்ஸுக்கு மூன்று அவுட், அதனால் 6.2க்கு அடுத்தது 7.0, ஓவர் எண்ணுவது மாதிரித்தான்.

இப்போது உண்மையான வரி ஒன்று. 2025 உலகத் தொடரின், அதாவது பருவத்தின் இறுதித் தொடரின், ஐந்தாவது ஆட்டத்தில் லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸுக்கு எதிராகப் புளூ ஜேய்ஸின் பிட்சர் ட்ரே யெசாவேஜ்: 7.0, 3, 1, 1, 0, 12. ஏழு இன்னிங்ஸ், மூன்று ஹிட், ஒரு ஓட்டம், ஒரு வோக்கும் இல்லை, 12 ஸ்ட்ரைக் அவுட். ஈஆர்ஏ, அதாவது ஒன்பது இன்னிங்ஸ் கொண்ட ஒரு முழு ஆட்டத்துக்கு எத்தனை ஈஆர் என்ற சராசரி, வேண்டுமென்றால் அந்த ஈஆரை ஒன்பதால் பெருக்கி இன்னிங்ஸால் பிரியுங்கள், 1.29 வரும். ஒரே ஆட்டத்தின் ஈஆர்ஏயை வைத்து யாரையும் அளக்கக் கூடாது, ஆனால் கடைசி இரண்டு எண்களையும் பாருங்கள். வோக், ஸ்ட்ரைக் அவுட் இரண்டுக்கும் களத்தடுப்புக்கும் தொடர்பில்லை, அவை அந்தப் பிட்சரின் சொந்தச் சம்பாத்தியம். நான் எப்போதும் அந்த இரண்டைத்தான் முதலில் பார்ப்பேன்.

துடுப்பாட்டக்காரருக்கு மூன்று எண் சேர்த்து எழுதுவார்கள். 2024இல் டொட்ஜர்ஸின் நட்சத்திரம் ஒட்டானி .310/.390/.646. முதலாவது சராசரி, ஹிட்டை அட்-பாட்டால், அதாவது அடிக்க வந்து கணக்கில் சேரும் தரங்களால், பிரிப்பது. எங்கள் ஆட்கள் தடுமாறும் இடம் இதுதான்: வோக் வாங்கி முதல் பேஸுக்குப் போனால் அது அட்-பாட்டில் சேராது. நான்கு தரம் வந்து ஒரு ஹிட், ஒரு வோக், இரண்டு அவுட் என்றால் சராசரி .333, ஆனால் இரண்டாவது எண்ணான பேஸ் எட்டும் விகிதம் .500. மூன்றாவது எண், ஒரு அட்-பாட்டுக்கு அடியால் சராசரியாக எத்தனை பேஸ் கிடைத்தது என்று சொல்வது. சராசரியை மட்டும் பிடித்துத் தொங்குகிறவரோடு வாதாட வேண்டாம், இரண்டாவதைக் காட்டிவிட்டு விடுங்கள். அப்புறம், ஏப்ரலில் ஒருவர் .400 அடிக்கிறார் என்று துள்ளவும் வேண்டாம். இரண்டு கிழமைச் சராசரியில் பந்து ஆள் இல்லாத இடத்தில் விழுந்த அதிர்ஷ்டம்தான் பாதி.

சரி, வளரும் பொடியன்மார். இதில்தான் ருசியே. புளூ ஜேய்ஸுக்குக் கீழே ஏணி மாதிரி நான்கு படிகள்: டனீடன், வன்கூவர், நியூ ஹாம்ப்ஷயர், கடைசியாக பஃபலோ. யெசாவேஜ், அணிகள் புதிய வீரர்களை வரிசையாக எடுக்கும் 2024 தெரிவில் 20ஆவது ஆளாக எடுக்கப்பட்டு, 2025ஐ டனீடனில் தொடங்கி, அந்த ஒரே பருவத்தில் நான்கையும் தாண்டி செப்டெம்பரில் ரொறன்ரோவுக்கு வந்துவிட்டார். வயது 22. இப்படி எல்லோரும் வருவதில்லை, பெரும்பாலானோர் நடுவிலேயே நின்றுவிடுவார்கள். ஆகவே பட்டியலில் ஒரு பெயரைப் பார்த்தால் முதலில் வயதைப் பாருங்கள், பிறகு அவர் நிற்கும் படியை. நியூ ஹாம்ப்ஷயரில் 20 வயதுக்காரர் சுமாராக அடிப்பது அதே இடத்தில் 25 வயதுக்காரர் விளாசுவதைவிடப் பெரிய செய்தி. திறமை தேடித் திரியும் ஸ்கவுட்கள் 20 முதல் 80 வரை புள்ளி போடுவார்கள், 50 என்றால் மேல் லீக்கின் சராசரி ஆள். பரீட்சைப் புள்ளி என்று நினைத்து 50ஐக் கண்டு முகம் சுளிக்காதீர்கள், அது நல்ல புள்ளி.

செய்திகளில் வதந்தியைத் தள்ளிவிடுங்கள். 2023 டிசெம்பரில் ஒட்டானி விமானம் ஏறி ரொறன்ரோ வருகிறார் என்று ஒரு நகரமே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது, இறங்கியதோ ஒரு தொழிலதிபர். அடுத்த நாளே ஒட்டானி 10 வருடம், 70 கோடி டொலருக்கு டொட்ஜர்ஸுக்குப் போவதாக அறிவித்தார். உருப்படியான செய்தி சின்ன வரிகளில் இருக்கும். யார் காயப் பட்டியலுக்குப் போனார், யார் பஃபலோவுக்கு இறக்கப்பட்டார், மேல் அணிக்கு அழைக்கக்கூடிய 40 பேர் பட்டியலில் இருந்து யாரை நீக்கினார்கள். 60 நாள் காயப் பட்டியலுக்கு ஒருவர் போனால் அந்த 40இல் ஒரு இடம் காலியாகும், உடனே கீழே யார் நன்றாக எறிகிறார் என்று பாருங்கள். பத்திரிகைக்காரர் எழுதுவதற்கு முன்பே நீங்கள் மாமாவுக்குப் பெயர் சொல்லலாம்.

ஒரு வெற்றியின் பெறுமதியையும் எழுதிவிடுகிறேன். 2025இல் புளூ ஜேய்ஸும் அதே பிரிவில் ஆடும் நியூயோர்க் யாங்கீஸும் 94 வெற்றி, 68 தோல்வி என்று சரிசமமாக முடித்தார்கள். தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களில் புளூ ஜேய்ஸ் அதிகம் வென்றிருந்ததால்தான் பிரிவின் முதலிடம் அவர்களுக்குக் கிடைத்தது. ஆகவே யாங்கீஸோடு ஆட்டம் இருக்கும் நாட்களை முன்கூட்டியே குறித்து வையுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிடிக்கப் போகாதீர்கள். புளூ ஜேய்ஸில் ஒரு பிட்சர், அவர்களின் நட்சத்திரத் துடுப்பாட்டக்காரர் கெரேரோ ஜூனியர், பஃபலோவில் ஒரு பொடியன் என்று மூன்று பேரை எடுத்துப் பருவம் முழுக்க வரி வரியாக வாசியுங்கள். செப்டெம்பர் பிறந்தால் 26 பேர் கொண்ட அணி 28 ஆகும். அந்த இரண்டு இடத்துக்கு யார் வருகிறார் என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள்.