இது எந்த ஊர்த் தவளை? திகில் படம் எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் மயிலாடுதுறைப் பக்கம் நாலு தம்பிகள் தங்கள் திகில் குறும்படத்தின் ரஃப் கட்டை, அதாவது முதல்கட்ட எடிட்டை, போட்டுக் காட்டினார்கள். 18 நிமிடம். பூட்டிக் கிடந்த ஓர் அக்ரகார வீட்டின் கதவு திறக்கிறது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் அதே 'கிரீச்'. எனக்கு அது பழைய நண்பன். பத்து வருடத்துக்கு முன்னால் என் படத்திலும் அதே கிரீச்தான்.

மெமரி கார்டை உடனே காப்பி எடு, பேட்டரியை சார்ஜ் போடு என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. ஒரு தடவை கோட்டை விட்டால் தானே வந்துவிடும்.

வெள்ளைப் புடவை, விரித்த தலை

வேண்டாம்.

புரியாவிட்டால் பரிசோதனைப் படம்

எடிட்டிங்கில் கதை ஒட்டவில்லை என்றதும் "இது எக்ஸ்பெரிமென்டல்" என்று பெயர் சூட்டிவிடுவது. நானும் சூட்டியிருக்கிறேன். பரிசோதனைப் பட இயக்குநர் மாயா டெரனும் அவர் கணவரும் 1943-ல் எடுத்த 'மெஷஸ் ஆஃப் தி ஆஃப்டர்நூன்' என்ற 14 நிமிடப் படத்தைப் பாருங்கள். ஒரு சாவி, ஒரு கத்தி, ஒரு பூ. திரும்பத் திரும்ப வருகின்றன, வரும்போதெல்லாம் வேறு மாதிரி வருகின்றன. பார்க்கிற நமக்குத் தலை சுற்றும். எந்த ஷாட்டுக்குப் பின் எது என்பதில் எடுத்தவர்களுக்குச் சுற்றவில்லை.

"சத்தத்தை அப்புறம் பார்த்துக்கலாம்"

இதைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டும். இன்றைக்கும் எரிச்சல் அடங்கவில்லை.

என் இரண்டாவது படம். கார்த்திகை மாதம், கும்பகோணத்துக்குத் தெற்கே ஒரு கிராமம். சம்பாப் பயிர், வயல் நிறையத் தண்ணீர். ஒரு பெண் அரிக்கேன் விளக்கோடு வரப்பில் நடக்கிறாள். சுற்றிலும் தவளைகள் கத்துகின்றன. சட்டென்று எல்லாம் வாயை மூடிக்கொள்கின்றன. அவள் நிற்கிறாள். காட்சி அவ்வளவுதான், படத்தின் மொத்த பயமும் அதில்தான்.

லைட்டுக்குக் கொண்டுவந்த ஜெனரேட்டர் ஐம்பது அடி தள்ளி ஓடிக்கொண்டிருந்தது. தனியாக ரெக்கார்டர் கிடையாது, கேமரா மைக்தான், அதுவும் ஆட்டோ லெவலில். உதவிக்கு வந்த பையன் "சத்தம் சேருதுண்ணே" என்றான். "டப்பிங்ல பார்த்துக்கலாம்டா" என்று சொன்னது நான்தான்.

ஆட்டோ லெவல் என்ன செய்யும் தெரியுமா? சுற்றுப்புறம் அடங்கினால், கேட்பது போதவில்லை என்று நினைத்து அதுவே அளவைக் கூட்டும். தவளைகள் நிறுத்திய அந்த நொடியில் ஜெனரேட்டர் எழும்பி உறுமுகிறது. பேய் வரவேண்டிய இடத்தில் டீசல் இன்ஜின்.

மறுபடி எடுக்கலாம் என்று தை மாதம் போனேன். தண்ணீர் வடிந்து, அறுவடை மெஷின் இறங்கி, தாளுக்கு நடுவே உளுந்து முளைத்திருந்தது. ஒரு தவளை இல்லை. கடைசியில் இணையத்திலிருந்து தவளைச் சத்தம் இறக்கிப் போட்டேன். 'ரிப்பிட் ரிப்பிட்' என்று கத்தும் அந்தத் தவளை அமெரிக்க மேற்குக் கரைக்காரர். ஹாலிவுட்டுக்குப் பக்கத்தில் இருந்ததால் உலகத்துப் படங்களிலெல்லாம் அவர் குரல்தான்.

ஊரிலேயே ஒரு கல்யாண மண்டபத்தில் திரையிட்டோம். முன்வரிசையில் இருந்த பெரியவர் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார்: "ஏம்ப்பா, இது எந்த ஊர்த் தவள?" மண்டபமே சிரித்தது. அதற்கப்புறம் யார் பயப்படுவார்கள்?

டெல்டாவில் விதைப்புக்கு இருப்பதுபோல் சத்தத்துக்கும் பட்டம் உண்டு. ஜூன் 12-ஐ ஒட்டி மேட்டூர் திறந்தால், சில நாளில் வாய்க்கால் மதகுகளில் இரைச்சல் கேட்கும். ஐப்பசி, கார்த்திகை தவளைக்கு. மார்கழி விடியற்காலையில் கோயில் ஒலிபெருக்கியை மீறி எதையும் பதிய முடியாது. தையில் ராத்திரியிலும் அறுவடை மெஷின். கோடையில் காய்ந்த பனையோலை உரசுகிறதே, அதற்கு எந்தப் பின்னணி இசையும் ஈடில்லை. அதது அந்தந்த மாதத்தில்தான் கிடைக்கும்.

ஆகவே, ஒவ்வொரு லொக்கேஷனிலும் ஜெனரேட்டரை அணைத்து, யூனிட்டை அசையாமல் நிற்க வைத்து, இரண்டு நிமிடம் சும்மா பதிவு செய்யுங்கள். தனி ரெக்கார்டர், லெவல் கையால். மைக்குக்கு ரோம உறை அவசியம், ஆற்றங்கரைக் காற்று சும்மா விடாது. அமெரிக்க இயக்குநர் டேவிட் லிஞ்சின் முதல் முழுநீளப் படம் 'இரேசர்ஹெட்' வெளிவந்தது 1977-ல். ஆண்டுக்கணக்கில் இழுத்த வேலை. அதில் பின்னால் ஓயாமல் ஓடும் ஆலை இரைச்சலை அவரும் ஒலி வடிவமைப்பாளர் ஆலன் ஸ்ப்லெட்டும் உட்கார்ந்து உட்கார்ந்து உருவாக்கினார்கள். நாம் இரண்டு நிமிடம் சும்மா நிற்க மாட்டேன் என்கிறோம்.

தரங்கம்பாடிக் கோட்டை

அனுமதி வாங்கிவிட்டுப் போங்கள்.

நண்பனிடம் என்ன எழுத்து?

அமெரிக்க இயக்குநர் ஜார்ஜ் ரொமேரோவின் 1968 ஜோம்பி படம் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்'. வெளியீட்டுக்கு முன் அதன் பெயரை மாற்றினார்கள். புதுத் தலைப்பு அட்டையில் காப்புரிமை வரி விட்டுப்போனது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அந்த வரி இல்லையென்றால் உரிமையும் இல்லை. யார் வேண்டுமானாலும் அந்தப் படத்தை விற்றார்கள்.

என் கதை சின்னது. ஒரு விழாவில் தேர்வான படத்துக்கு இசை உரிமைக் கடிதம் கேட்டார்கள். இசை போட்ட நண்பன் அப்போது என்னோடு பேசுவதில்லை. படம் பெட்டிக்குள் போனது. ஒரு தாள், ஒரு கையெழுத்து, படம் தொடங்கும் முன்னாலேயே.

அந்தக் கதவு

தம்பிகளைக் கூட்டிக்கொண்டு அதே வீட்டுக்குப் போனேன். தேக்குக் கதவு, பித்தளைக் குமிழ். திறந்தால் கிரீச்சென்று கேட்கவே இல்லை. அடிப்பக்கம் தரையில் இழுபட்டு, யாரோ மூச்சை மெதுவாக விடுகிற மாதிரி ஒரு சத்தம். மூன்று முறை பதிந்தார்கள். மூன்றாவது முறை உத்தரத்தில் பல்லி கத்தியது. அழித்துவிடட்டுமா என்று கேட்டான் ஒருவன். கையைப் பிடித்துக்கொண்டேன்.