கொலுசுப் பட்டறைக் கணினிக்கு ஒரு சாளர மேலாளர்

தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினிகள் சேலத்தில் பல வீடுகளின் பரணில் இன்னும் கிடக்கின்றன. அக்கா மகளுக்குப் பள்ளியில் கிடைத்த ஒன்று, 2 ஜிபி நினைவகத்துடன், இப்போது செவ்வாய்ப்பேட்டையில் மாமாவின் கொலுசுப் பட்டறையில் கூலிக்கும் சேதாரத்துக்கும் கணக்குப் பார்க்கிறது. அதில் லினக்ஸை நிறுவி, க்னோம் போன்ற முழு டெஸ்க்டாப் சூழலை ஏற்றினால், எதையும் திறப்பதற்கு முன்பே ஏறத்தாழப் பாதி நினைவகம் போய்விடும். சாளரங்களைத் திறப்பது, நகர்த்துவது, மூடுவது ஆகிய வேலைகளோடு நின்றுகொள்ளும் சாளர மேலாளர் ஒன்றைத் தனியாக நிறுவிக்கொள்வதே இத்தகைய கணினிகளுக்கு ஏற்ற வழி.

முதலில் செயலி 32 பிட்டா, 64 பிட்டா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். 2025-இல் வெளிவந்த டெபியன் 13 என்ற லினக்ஸ் பதிப்பை 32 பிட் கணினியில் புதிதாக நிறுவ முடியாது. பழைய கணினிகளுக்கான ஆன்டிஎக்ஸ் 23 லினக்ஸுக்கு 32 பிட் பதிப்பும் உண்டு. வன்தட்டு சுழலும் வகையாக இருந்து, அதை மாற்றச் செலவு செய்ய முடியுமானால், சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டி போட்டுவிடுங்கள். எந்தச் சாளர மேலாளரும் தராத வேகத்தை அது தரும்.

ஐஸ்டபிள்யூஎம், ஓப்பன்பாக்ஸ், ஃப்ளக்ஸ்பாக்ஸ், ஜேடபிள்யூஎம் ஆகிய சாளர மேலாளர்களில் எது குறைந்த நினைவகம் எடுக்கிறது என்று பலர் எம்பி கணக்காக ஒப்பிடுகிறார்கள். அவற்றுக்கு இடையிலான வேறுபாடு சொற்பம். உலாவியில் ஒரு பக்கத்தைத் திறந்தாலே அந்த மிச்சம் கரைந்துவிடும். ஆகவே, கணினியின் முன் உட்காரப் போகிறவர் யார், அவர் கை எதற்குப் பழகியிருக்கிறது என்பதைக் கொண்டே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பட்டறைக் கணினியில் முதலில் ஓப்பன்பாக்ஸை நிறுவிக் கொடுத்தேன். அது நல்ல கருவி; எல்எக்ஸ்டிஇ என்ற இலகுவான டெஸ்க்டாப் சூழலுக்குள் இயங்குவதும் அதுதான். ஆனால் அதைத் தனியாக நிறுவினால் பணிப்பட்டையோ கடிகாரமோ இருக்காது. வெற்றுத் திரையில் வலது பொத்தானை அழுத்தினால்தான் பட்டியல் வரும். மறுநாள் காலையில் மாமா தொலைபேசியில் அழைத்து, "கரண்ட் இருக்கு, லைட்டும் எரியுது, திரையில ஒண்ணுமே இல்லையே மாப்ளே" என்றார். டின்ட்2 என்ற பணிப்பட்டையையும் மற்றவற்றையும் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளும் பொறுமை உள்ளவர்களுக்கே ஓப்பன்பாக்ஸ் பொருந்தும்.

மாமாவைப் போலப் பழைய விண்டோஸில் பழகியவர்களுக்கு ஐஸ்டபிள்யூஎம் போதும். இடது மூலையில் பட்டியல் பொத்தான், வலது மூலையில் கடிகாரம், மின்கல அளவு, செயலியின் உழைப்பைக் காட்டும் சிறு வரைபடம் ஆகிய எல்லாம் அதிலேயே உள்ளன. ஏற்காட்டுக் காபித் தோட்டம் ஒன்றின் அலுவலகத்தில் இருந்த 512 எம்பி கணினிக்கு மட்டும் நான் ஜேடபிள்யூஎம்-ஐத் தேர்ந்தெடுத்தேன். பப்பி லினக்ஸ் என்ற சிறிய லினக்ஸ் பதிப்பில் நெடுங்காலமாக இருந்துவரும் அதற்கு அமைப்புகள் எல்லாம் ஒரே கோப்பில் அடங்கிவிடும். பழம் பறிக்கும் காலத்தில் அன்றாட எடையைக் க்னூமெரிக் விரிதாளில் பதிவதைத் தவிர அந்தக் கணினிக்கு வேறு வேலை இல்லை. உலாவியைத் திறக்க வேண்டாம் என்று சொல்லியே கொடுத்தேன். ஐ3, டிடபிள்யூஎம் போன்றவை சாளரங்களைத் தரை ஓடுபோல் தாமே அடுக்குபவை. விசைப்பலகையிலேயே வாழ்பவர்களுக்கு அவை இன்பம். நாலு பேர் தொடும் கணினிக்கு வேண்டாம்.

தமிழுக்குத் தனிக் கவனம் தேவை. குறைந்தபட்ச நிறுவலில் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டால் எழுத்துகள் கட்டம் கட்டமாகத் தெரியும். லோஹித் அல்லது நோட்டோ எழுத்துருவை நிறுவினால் சரியாகும். தட்டச்சுக்கு, லினக்ஸில் திரையையும் விசைப்பலகையையும் கையாளும் எக்ஸ் அமைப்பிலேயே உள்ள தமிழ் விசைப்பலகை கூடுதல் நினைவகம் கேட்காது. ஆனால் தமிழ்99 முறையில் "அம்மா" என்று எழுத அ, ம, ம, ஆ என்று அடித்தால் முதல் மகரத்துக்குப் புள்ளி தானாக விழ வேண்டும். அந்த வசதிக்கு ஐபஸ் என்ற தட்டச்சு நிரலும், அதற்கு மொழிவாரித் தட்டச்சு முறைகளைத் தரும் எம்17என்-உம் வேண்டும். முழு டெஸ்க்டாப் சூழல் இல்லாத இடத்தில் ஐபஸ் தானாகத் தொடங்காமல் போகலாம் என்பதால், அதைத் தொடங்கும் வரியை நாமே எழுதி வைப்பது நல்லது.

ஐஸ்டபிள்யூஎம்-இல் அந்த வரிக்குரிய இடம், வீட்டு அடைவில் புள்ளியுடன் தொடங்கும் ஐஸ்டபிள்யூஎம் கோப்புறைக்குள் இருக்கும் ஸ்டார்ட்அப் என்ற கோப்பு. வைஃபை சின்னத்தைக் காட்டும் நிரலையும் அங்கேயே சேர்க்கலாம். அந்தக் கோப்பு நிரலாக இயங்குவதற்கான அனுமதியைக் கொடுக்க மறந்தால் எந்தப் பிழைச் செய்தியும் வராது. எதுவும் தொடங்காது, அவ்வளவுதான். நான் அரை மணி நேரம் ஐபஸைக் குறை சொல்லிக்கொண்டிருந்துவிட்டுத்தான் அனுமதியைப் பார்த்தேன்.

இரண்டு மூன்று சாளர மேலாளர்களை ஒன்றாகவே நிறுவி, நுழைவுத் திரையில் மாற்றி மாற்றித் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றையும் இரண்டு நாள் புழங்கிப் பார்க்கலாம். ஒன்று மற்றொன்றைக் கெடுக்காது. முடிவான பிறகு அமைப்புக் கோப்புறையை ஒரு பென் டிரைவில் நகலெடுத்து வையுங்கள். பழைய வன்தட்டு என்றைக்காவது நின்றுபோனால், புதியதில் ஐஸ்டபிள்யூஎம்-ஐ நிறுவி அந்தக் கோப்புறையைத் திரும்ப வைத்ததும் மாமாவுக்குப் பழகிய அதே பட்டியல் அதே இடத்தில் இருக்கும்.