பாஸ்வேர்டு மாறியது, ஆனால் தளம் திறக்கவில்லை

வங்கி, மின்கட்டணம், பிஎஃப் என்று கணக்குக்கு ஒரு பாஸ்வேர்டு ஆகிவிட்டதால் எல்லாவற்றையும், பாஸ்வேர்டுகளைச் சேமித்துவைக்கும் கீபாஸ்எக்ஸ்சி (KeePassXC) என்ற மென்பொருளுக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். நீளம் 24 எழுத்து என்று வைத்துவிட்டால் புது பாஸ்வேர்டை அதுவே உருவாக்கித் தரும். ஒரு காப்பீட்டுத் தளம் மட்டும் முரண்டு பிடித்தது. மாற்றினால் 'வெற்றிகரமாக மாற்றப்பட்டது' என்று வரும். மறுநிமிடம் நுழையப் போனால் 'தவறான பாஸ்வேர்டு'.

குக்கீகளை அழித்தேன், வேறு பிரவுசரில் பார்த்தேன், சிறப்புக் குறிகளை நீக்கிப் பார்த்தேன். உதவி எண்ணில் "ரீசெட் பண்ணுங்க சார்" என்றார்கள். அதைத்தானே நாள்கணக்கில் செய்துகொண்டிருந்தேன்!

மாற்றும் பக்கத்தில் பேஸ்ட் செய்தபின் கண் படத்தை அழுத்தியபோதுதான் தெரிந்தது, கட்டத்தில் இருந்தவை 15 எழுத்துகள்தான். அதற்கு மேல் ஏற்காதபடி கட்டத்துக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். மிச்சத்தைச் சொல்லாமல் கொள்ளாமல் வெட்டிவிடுகிறது. வெறும் புள்ளிகளாகத் தெரியும்போது யார் எண்ணுவார்? நுழைவுப் பக்கத்திலோ அந்த வரம்பே இல்லை, 24-ம் அப்படியே போகிறது.

சேமித்திருந்ததில் முதல் 15 எழுத்தை மட்டும் இட்டேன், திறந்துகொண்டது. கீபாஸ்எக்ஸ்சியில் அந்தப் பதிவைத் திருத்தி, அடுத்த முறை பாஸ்வேர்டு ஜெனரேட்டரில் நீளத்தை முதலில் குறைக்கும்படி குறிப்புப் பகுதியில் எழுதிவைத்திருக்கிறேன்.