உலர்தாவரகத்தில் ஒரு செடியைத் தேடுவது எப்படி? கொழும்பிலிருந்து கிளம்புமுன் செய்ய வேண்டியவை

புறக்கோட்டை கபோஸ் லேன் மூலிகைக் கடையில் ஆவரசம்பூ என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். பேராதனைப் பூங்காவிலுள்ள தேசிய உலர்தாவரகத்தில், அதாவது காயவைத்த செடிகளைத் தாள்களில் ஒட்டிப் பாதுகாக்கும் இடத்தில், அப்படிக் கேட்டுப் பயனில்லை. அங்கே தாள்கள் விஞ்ஞானப் பெயர்படிதான் அடுக்கப்படுகின்றன. அதனால் பாதி வேலையை வீட்டிலேயே முடித்துவிடலாம்.

முதலில் பெயர். ஆவரசின் இன்றைய பெயர் சென்னா ஆரிக்குலேட்டா. சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் வைத்தது காசியா ஆரிக்குலேட்டா. இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். பெயர் மாறியதும் எல்லா உலர்தாவரகங்களிலும் தாள்கள் உடனே இடம் மாறிவிடுவதில்லை. பழைய பெயர், புதுப் பெயர் இரண்டையும் கியூ தாவரவியல் பூங்காவின் இணையத்தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

அடுத்தது குடும்பம், அதாவது உறவுள்ள செடிகளின் பெரிய பிரிவு. ஆவரசுக்கு அது பபேசியே, அவரைக் குடும்பம். பழைய நூல்களில் லெகுமினோசே என்றிருக்கும். சிலர் சீசல்பினியேசியே என்று தனியாகவும் பிரிப்பார்கள். குடும்பங்களை 19ஆம் நூற்றாண்டில் எழுந்த பெந்தம்-ஹூக்கர் முறையில் அடுக்கியிருக்கிறார்களா, மரபணுவை வைத்து எழுந்த ஏபிஜி முறையிலா, வெறும் அகரவரிசையிலா என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். வருகைக்கு அனுமதியையும் அதிலேயே கேட்டுவிடலாம்.

சரி, அலுமாரிக்கு முன்னால் நிற்கிறீர்கள். குடும்பத்தைக் கண்டுபிடியுங்கள், அதற்குள் சாதி (பெயரின் முதற்சொல், இங்கே சென்னா), அதற்குள் இனம் (இரு சொல்லும் சேர்ந்தது, சென்னா ஆரிக்குலேட்டா). ஒவ்வோர் இனத்துக்கும் ஓர் உறை. உறைக்குள் பெரும்பாலும் நாடு, பிரதேசவாரியாகத் தாள்கள். சிவப்பு உறையோ சிவப்பு ஓரமோ கண்டால் பொதுவாக அது வகைமாதிரி, அதாவது அந்த இனத்தின் பெயருக்கே ஆதாரமான தாள். உத்தியோகத்தரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

தாள்கள் தனித்தனியாக இருப்பதால்தான் இந்த அடுக்கே சாத்தியம். 1670களில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பனியின் வைத்தியராக இலங்கையில் இருந்த பவுல் ஹெர்மன் சேகரித்த செடிகள் புத்தகமாகத் தைக்கப்பட்டவை. ஒரு செடியைப் பிரித்து வேறிடத்தில் வைக்க வழியில்லை. அவற்றை வைத்து 1747இல் இலங்கைத் தாவர நூலை எழுதிய லின்னேயஸ், நூலிலுள்ள இலக்கத்தைச் செடிகளுக்குப் பக்கத்திலேயே குறித்துவைத்தார். இன்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ள அந்தத் தொகுதிகளை இணையத்திலேயே புரட்டலாம்.

இனி லேபலை வாசிப்பது. பெரும்பாலும் வலது கீழ் மூலையில் இருக்கும்: சேகரித்தவர், அவருடைய இலக்கம், இடம், திகதி. பக்கத்தில் சின்னத் துண்டுகள் ஒட்டியிருந்தால் அவை பின்னால் வந்தவர்கள் பெயரைத் திருத்திய பதிவுகள். தேதி பிந்தியதையே முதலில் பாருங்கள். ஆனால் பிந்தியது என்பதற்காகவே அது சரியென்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இலங்கைத் தாள்களில் ஒரு பொறி உண்டு. 'சி.பி.' (சிலோன் பிளான்ட்ஸ்) என்று தொடங்கும் இலக்கங்கள், 19ஆம் நூற்றாண்டில் பேராதனைப் பூங்காவை நடத்திய த்வைட்ஸ் காலத்தவை. ஒரே சி.பி. இலக்கத்தின் கீழ் வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு ஆண்டுகளில் பறித்தவை கலந்திருக்கும். அதைச் சேகரித்தவரின் இலக்கமாக எண்ணி இடத்தையும் நாளையும் முடிவுசெய்தால் ஆராய்ச்சியே பிசகிவிடும்.

தாளை எப்போதும் தட்டையாக, இரு கைகளாலும் தூக்குங்கள். புத்தகப் பக்கம் போலக் கவிழ்த்தால் காய்ந்த இலை உடைந்து கொட்டும். விழுந்த துணுக்கை வீசாமல் தாளிலுள்ள சிறு காகித உறைக்குள் போடும்படி உத்தியோகத்தரிடம் கொடுங்கள். பார்த்து முடிந்ததும் நீங்களே அலுமாரியில் செருக வேண்டாம். தவறான உறைக்குள் போன தாளை யாராவது தற்செயலாகக் கண்டால்தான் உண்டு.