ஆர் அண்ட் பி பாட்டுக்கு ஜோடி நடனம் தேர்ந்தெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘ஆர் அண்ட் பி பாட்டுக்கு எந்த ஜோடி நடனம் பொருந்தும்?’ என்று பலர் கேட்கிறார்கள். ஒரே பதிலை எதிர்பார்ப்பதுதான் முதல் தவறு. 1949இல் அமெரிக்காவின் பில்போர்டு பத்திரிகை, கறுப்பின மக்களின் இசைத்தட்டுப் பட்டியலுக்கு அதுவரை வைத்திருந்த ‘ரேஸ் ரெக்கார்ட்ஸ்’ என்ற பெயரை நீக்கிவிட்டு ‘ரிதம் அண்ட் புளூஸ்’, சுருக்கமாக ஆர் அண்ட் பி, என்று போட்டது. இசைத்தட்டு விற்பவர்களின் வசதிக்காக வந்த அந்தப் பெயருக்குள் பாடகர் லூயி ஜோர்டனின் துள்ளலான ஜம்ப் புளூஸும் அடங்கும், அறுபதுகளின் சோல் இசையும் அடங்கும், இன்றைய மிக மெதுவான எலக்ட்ரானிக் பாட்டும் அடங்கும். இவை எல்லாவற்றுக்கும் ஒரே நடனம் எப்படிப் பொருந்தும்? பெயரை மறந்துவிட்டு, கையில் இருக்கும் பாட்டைக் கேளுங்கள்.

கேட்கும்போது முதலில் பிடிக்க வேண்டியது நடை. நாற்பது, ஐம்பதுகளின் ஆர் அண்ட் பி பெரும்பாலும் ஷஃபிள். ஒவ்வொரு பீட்டும் திஸ்ரமாக மூன்றாகப் பிரிந்து, முதல் இரண்டு பங்கு சேர்ந்து ஒரு நீண்ட தட்டாகவும் மூன்றாவது பங்கு குறுகிய தட்டாகவும் வரும். லிண்டி ஹாப், ஈஸ்ட் கோஸ்ட் ஸ்விங் போன்ற ஸ்விங் நடனங்களின் ட்ரிப்பிள் ஸ்டெப் (இரண்டு பீட்டுக்குள் மூன்று அடி) அந்த ஏற்ற இறக்கத்தில் அப்படியே உட்காரும். அறுபதுகளுக்குப் பிறகு ஃபங்க் பக்கம் சாய்ந்த பாட்டுகளிலோ பீட் சரிசமமாக இரண்டாக, நான்காகப் பிரிகிறது. அதன்மேல் ஸ்விங் துள்ளலைப் போட்டால் கால் ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். அங்கே சா-சா-சா, வேகம் கூடினால் ஹசில் என்று போகலாம். அதே சா-சா-சாவை ஷஃபிளில் ஆடினால் நொண்டும். சந்தேகமாக இருந்தால் டிரம் செட்டில் ‘ட்ஸ் ட்ஸ்’ என்று ஒலிக்கும் ஹை-ஹாட் சிம்பலை மட்டும் தனியாகக் கேளுங்கள். சம இடைவெளியில் தட்டுகிறதா, இழுத்து இழுத்துத் தட்டுகிறதா என்பது சில நொடிகளில் புரிந்துவிடும். இரண்டு நடைக்கும் வளைந்து கொடுப்பது வெஸ்ட் கோஸ்ட் ஸ்விங். அதனால்தான் ஆர் அண்ட் பி ரசிகர்கள் ஒரே ஒரு நடனம் கற்க வேண்டுமென்றால் நான் அதைச் சொல்வேன்.

அடுத்தது வேகம். 15 நொடிக்கு எத்தனை பீட் என்று எண்ணி நான்கால் பெருக்கினால் நிமிடக் கணக்கு வந்துவிடும். ஆனால் இன்றைய பாட்டுகளில் ஹை-ஹாட் படபடவென்று ஓடுவதால், 68 இருக்க வேண்டிய இடத்தில் 136 என்று எண்ணிவிடுகிறார்கள். அப்புறம் அந்தத் தூக்கக் கலக்கமான பாட்டில் லிண்டி ஹாப் ஆட முயன்று மூச்சு வாங்குகிறது. டிரம் செட்டில் ‘டப்’ என்று பளிச்சென ஒலிக்கும் ஸ்னேர் டிரம்மைக் கவனியுங்கள். இந்த இசையில் பொதுவாக அது இரண்டாவது, நான்காவது பீட்டில் விழும். உங்கள் எண்ணிக்கையில் நான்கு பீட்டுக்கு ஒரு முறைதான் அது கேட்கிறது என்றால், நீங்கள் பெரும்பாலும் இரட்டிப்பாக எண்ணுகிறீர்கள். இவ்வளவு மெதுவான பாட்டுக்கு நிதானமான புளூஸ் நடனம் நன்றாக இருக்கும். பிரேசிலியன் ஸூக் ஆடுபவர்களும் இத்தகைய பாட்டுகளை விரும்பி எடுக்கிறார்கள்.

நல்ல ஆட்டக்காரர்களையும் ஏமாற்றும் ஒன்று உண்டு: மெதுவான புளூஸ் பாட்டையும், குழுவாகக் குரல் இணைத்துப் பாடும் டூ-வாப் காதல் பாட்டையும், மூன்று பீட் கணக்கில் ஆடும் வால்ட்ஸ் என்று நினைப்பது. பியானோ ‘ஒன்று-இரண்டு-மூன்று’ என்று வாசித்துக்கொண்டே இருக்கும். காது அதை வால்ட்ஸ் என்றே எடுத்துக்கொள்ளும். உண்மையில் அது நான்கு பெரிய பீட்; ஒவ்வொன்றுக்குள்ளும் மூன்று சின்னத் தட்டு, ஆக 12. கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. மூன்று மூன்றாக எண்ணிப் பாருங்கள். ஸ்னேர் ஒரு ‘ஒன்றில்’ விழாமல் அடுத்த ‘ஒன்றில்’ விழுந்து, இப்படியே மாறி மாறி வந்தால் அது வால்ட்ஸ் இல்லை. பெரிய பீட்டுக்கு ஓர் அடி வைத்து ஆடுங்கள். புளூஸ் நடனத்தின் மெதுவான வகையான ஸ்லோ டிராகுக்கு இதைவிட நல்ல இசை கிடையாது. வால்ட்ஸ் ஆடினாலும் கால் தப்பாது என்பதுதான் இங்கே ஆபத்து. தப்பு தெரியாமலே ஆடி முடித்துவிடலாம், பாட்டின் கனம் மட்டும் கைக்கு வராமல் போய்விடும்.

பாட்டின் கட்டமைப்பையும் பார்க்க வேண்டும். எட்டு எட்டாக எண்ணிப் பழகியவர்கள் 32 பீட்டில் ஒரு பகுதி முடியும் என்று எதிர்பார்த்து, அங்கே பெரிய அசைவை வைத்துக் காத்திருப்பார்கள். ஒரு பாருக்கு நான்கு பீட் என்பதால், 12 பார் புளூஸில் ஒரு சுற்று 48 பீட். முப்பத்திரண்டில் பாட்டு சுற்றின் நடுவே நிற்கும். ஆறு பீட் அடவுகள் எட்டு ஆடினாலும், எட்டு பீட் அடவுகள் ஆறு ஆடினாலும் 48 வந்துவிடும். ஆறையும் எட்டையும் கலக்கத் தெரிந்தவருக்கு இந்தப் பாட்டுகள் தனி இன்பம்.

பால்ரூம் பாடத்திட்டத்துக்குள் மட்டும் தேடுவது எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. ஃபாக்ஸ்டிராட்டும் ரும்பாவும் சில பாட்டுகளுக்குப் பொருந்தும், சரி. ஆனால் இந்த இசையோடு சேர்ந்தே வளர்ந்த நடனங்கள் இருக்கின்றன. நியூயார்க்கின் ஹார்லெமில் 1926இல் திறந்த சவாய் பால்ரூமில் கறுப்பின ஆட்டக்காரர்கள் வளர்த்தெடுத்த லிண்டி ஹாப் இதன் மூத்த தலைமுறை. சிகாகோவின் கறுப்பினச் சமூகம் மிதமான வேக சோல் பாட்டுக்கு வழுக்கிச் செல்வதுபோல் ஆடும் ஸ்டெப்பிங் இருக்கிறது. தென் கரோலினாக் கடற்கரையின் ஷாக் நடனத்தில் மேலுடம்பு அமைதியாக இருக்க, வேலையெல்லாம் காலில் நடக்கும்; 1984இல் அது அந்த மாநிலத்தின் அதிகாரபூர்வ நடனமானது. மிதமான வேக ஷஃபிள் கையில் இருந்தால் ஷாக் ஆடிப் பாருங்கள்.

மெதுவான பாட்டு என்றாலே ஒட்டி ஆட வேண்டும் என்ற எண்ணமும் தவறு. புளூஸ் நடனத்தைக் கைகளை மட்டும் பிடித்துக்கொண்டு, இடைவெளி விட்டும் அழகாக ஆடலாம். எவ்வளவு நெருக்கம் என்பதை எதிரில் இருப்பவர் முடிவு செய்யட்டும். பாட்டின் வரிகள் உங்களுக்கு அந்த உரிமையைத் தரவில்லை.

கடைசியாக இடம். ஃபாக்ஸ்டிராட் தளத்தைச் சுற்றி நகரும் நடனம். நடுவில் நின்று ஆடுபவர்கள் நிறைந்த இடத்தில் அதை ஆரம்பித்தால் மோதல்தான். வெஸ்ட் கோஸ்ட் ஸ்விங் ஒரு நீளக்கோட்டுக்குள் போய் வருவதால் கூட்டத்திலும் சமாளிக்கலாம். பக்கத்து ஜோடியின் கோடு எந்தத் திசையில் இருக்கிறதோ, உங்களுடையதையும் அதற்கு இணையாகவே வையுங்கள்.