'ஏறினானாம்': பாறையேற்றத்தில் பேரைக் கெடுக்கும் தவறுகள்

சில வாரங்களுக்கு முன் ஒரு பாறையின் அடியில் ஷூவைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இரண்டு பேர். ஏற ஆரம்பித்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. உலகின் முன்னணி கிளைம்பர் ஒருவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். "அந்த ரூட்டை அவர் ஏறிட்டாராம். வீடியோவே இல்லையாம்" என்றார் ஒருவர். "அப்போ ஏறியிருக்க மாட்டார்" என்றார் மற்றவர். அவ்வளவுதான், தீர்ப்பு எழுதியாகிவிட்டது. அந்தப் பாறையை இருவரும் நேரில் பார்த்ததுகூட இல்லை.

எனக்குச் சுருக்கென்றது. இதே வாக்கியத்தை, கிட்டத்தட்ட இதே தொனியில், நானும் ஒரு காலத்தில் சொன்னவன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஏறாததை ஏறியதாகச் சொல்லாதே, பாறையைச் செதுக்கிப் பிடி உண்டாக்காதே என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அதைச் செய்கிறவருக்கே அது தப்பு என்று தெரியும். தான் நியாயத்தின் பக்கம் நிற்பதாக நம்பிக்கொண்டு நாம் செய்கிற தவறுகள்தான் என் கவலை. போட்டியில் நடுவர் இருக்கிறார், கேமரா இருக்கிறது. வெளியில் பாறை, கயிறு, கீழே பெலே பிடிக்கும் (விழுந்தால் தாங்கக் கயிற்றைப் பிடித்திருக்கும்) ஒருவர், அவ்வளவுதான். இந்த விளையாட்டின் வரலாறு முழுவதும் 'ஏறினேன்' என்ற ஒற்றைச் சொல்லை நம்பித்தான் நிற்கிறது. அந்தச் சொல்லைச் சந்தேகிப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது.

இரண்டெழுத்தில் ஒருவர் பேரை அழிப்பது

'ஏறினான்' என்றால் நான் சாட்சி. 'ஏறினானாம்' என்றால் யாரோ சொன்னார்கள், நான் பொறுப்பில்லை. தன்னளவில் நேர்மையான விகுதிதான் அந்த 'ஆம்'. ஆனால் அதைக் கொஞ்சம் இழுத்து, புருவத்தைத் தூக்கிச் சொல்லிப் பாருங்கள், பொருள் தலைகீழாகிவிடும். வாய் மாறும்போது அது தேய்ந்தும் போகும். முதல் ஆள் "ஏறினானாம்" என்பார். இரண்டாவது ஆள் "ஏறலையாம்" என்பார். மூன்றாவது ஆள் வாயில் அது "ஏறல". சந்தேகம் தகவலாக மாற மூன்று பேர் போதும்.

என் கதைக்கு வருகிறேன். நான் இரண்டு சீசனாக முயன்றுகொண்டிருந்த ரூட் ஒன்று. நான்காவது போல்ட்டுக்கு (கயிற்றை மாட்டப் பாறையில் அடித்த ஆணி) மேலே இரண்டு விரல் மட்டும் நுழையும் ஒரு குழி. அதில் வலது கையைச் செருகி, உடம்பை முழுக்க இழுத்து, மேலே இருக்கும் சரிவான விளிம்பைத் தாவிப் பிடிக்க வேண்டும். நாற்பது தடவையாவது அங்கே விழுந்திருப்பேன். நடுவிரலின் தோல் எப்போதும் கிழிந்தே இருக்கும். அப்போது ஒரு பையன் வர ஆரம்பித்தான். அதிகம் பேச மாட்டான். எங்கள் கூட்டத்தில் யாரோடும் ஒட்டவில்லை. ஆள் இல்லாத வார நாட்களில் தன் அண்ணனைக் கூட்டிக்கொண்டு வருவான். ஒரு சனிக்கிழமை கீழே நின்று, "புதன்கிழமை இது முடிஞ்சது அண்ணா" என்று என்னிடம் சொன்னான். அவன் குரலில் பெருமை இருந்தது. அதைப் பகிர்ந்துகொள்ள அவனுக்கு ஆள் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

"சரி, நல்லது" என்றேன். சாயங்காலம் கயிற்றைச் சுருட்டும்போது கூட இருந்த இரண்டு பேரிடம், "புதன்கிழமை ஏறினானாம்" என்றேன். வேறு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. இருவரும் சிரித்தார்கள்.

பத்து நாள் கழித்து, வேறொரு பாறையில், எனக்குப் பழக்கமே இல்லாத ஒருவர் அதை எனக்கே திருப்பிச் சொன்னார். "மேல் பாதியை அவன் கயிற்றில் தொங்கித் தொங்கித்தான் ஏறினானாம். பார்த்தவங்க இருக்காங்க." பார்த்தவர் யாரும் கிடையாது. அந்தப் புதன்கிழமை அங்கே இருந்தது அவனும் அவன் அண்ணனும் மட்டும்தான். நான் ஊன்றிய விதை அது, கிளைவிட்டு வந்து நிற்கிறது. அப்போதாவது "அப்படி இல்லை, எனக்குத் தெரியும்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். இன்று நினைத்தாலும் எனக்குள் எரிவது அந்தத் தலையாட்டல்தான்.

பையன் வருவதை நிறுத்திவிட்டான். அடுத்த சீசனில் தற்செயலாக அவன் அண்ணனைப் பார்த்தேன். முதல் தடவையாக, முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன்: அந்தக் குழியை எப்படித் தாண்டினான்? "அதை அவன் தொடவே இல்லையே" என்றார். இடது பக்கம், இடுப்பு உயரத்தில், பாறை முனையில் குதிகாலை மாட்டி, எடையை அதில் ஏற்றி, இடது கையால் நேராக மேல் விளிம்புக்குப் போயிருக்கிறான். நாங்கள் எல்லோரும் கைக்குப் போடும் சாக் தூள் படிந்த குழியையே பார்த்துக்கொண்டிருந்ததில் அந்த முனை யார் கண்ணிலும் படவில்லை. வார இறுதியில் போய்க் குதிகாலை மாட்டிப் பார்த்தேன். இரண்டாவது முயற்சியில் ரூட் முடிந்தது. அவன் கண்டுபிடித்த வழி.

திருத்தப் போனேன். முதலில் சொன்ன அதே இரண்டு பேரிடம் உண்மையைச் சொன்னேன். "அப்படியா" என்றார்கள். அதற்கு மேல் அது நகரவில்லை. வதந்தி ஐம்பது பேரிடம் போயிருந்தது, திருத்தம் இரண்டு பேரோடு நின்றுவிட்டது. அவனைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். கேட்டுக்கொண்டான். மறுபடி ஏற வரவில்லை.

இது சின்ன இடத்தில் நடந்தது. உச்சத்தில் இருப்பவர்களிடமும் இதே கதைதான். 1982இல் மார்க் ஸ்மித், ரிச்சர்ட் ஜென்சன் என்ற இருவர் அமெரிக்காவில் யோசெமிட்டியின் எல் கேபிடன் என்ற பெரும் பாறைச்சுவரில், பெரிய ஸ்லாப் (பிடிப்பு குறைந்த சரிவான பாறைமுகம்) வழியாக 39 நாள் சுவரிலேயே தங்கி ஒரு ரூட் போட்டார்கள். 'விங்ஸ் ஆஃப் ஸ்டீல்' என்று பெயர். அங்கிருந்த கூட்டத்துக்கு அவர்கள் அந்நியர்கள். போல்ட் அடித்தே ஏறுகிறார்கள், ஒன்றும் தெரியாதவர்கள் என்று பேச்சு பரவியது. அந்தக் கூட்டத்தில் சிலர், இருவரும் கட்டிவைத்திருந்த கயிறுகளை இழுத்துப் போட்டு அதன்மேல் மலம் கழித்தார்கள். ரூட்டின் உண்மை என்ன? நகக்கண் அளவு விளிம்புகளில் ஹூக்கை மாட்டி, அதில் தொங்கியபடி நகர வேண்டிய மிகக் கடினமான ஸ்லாப். 2011இல்தான் அம்மோன் மெக்நீலியும் கேட் பார்பரும் இரண்டாவது முறையாக அதை ஏறி முடித்தார்கள். அது சாதாரண வேலை இல்லை என்பது அப்போதுதான் ஊருக்கு விளங்கியது. நடுவில் 29 வருஷம்!

பிரெஞ்சு கிளைம்பர் ஃப்ரெட் ரூலிங்கின் கதை கொஞ்சம் வேறு. 1995இல் பிரான்ஸில் ஒரு குகைக் கூரையில் 'அகிரா' என்ற ரூட்டை ஏறிவிட்டு அதன் கிரேடு, அதாவது கடினத்தின் அளவு, 9பி என்றார் (9ஏவைவிடக் கடினம்). அதற்கு நான்கு வருஷம் முன்புதான் வோல்ஃப்காங் குல்லிச் 'ஆக்‌ஷன் டிரெக்ட்' மூலம் 9ஏவைத் தொட்டிருந்தார். எங்கிருந்தோ வந்த ஒருவர் அதையும் தாண்டிவிட்டேன் என்றால் சந்தேகம் வரும்தான். செதுக்கிய பிடிகள் உள்ள ரூட்டும் அவர் பேரில் இருந்தது. ஆனால் சந்தேகப்பட்ட பலருக்கு 'கிரேடு அதிகமாகச் சொல்கிறார்' என்பதும் 'ஏறவே இல்லை' என்பதும் ஒன்றாகக் குழம்பிவிட்டது. 2020இல் செபாஸ்டியன் புவான், லூசியன் மார்டினெஸ் இருவரும் அதை ஏறினார்கள். 9ஏ என்றார்கள். கிரேடு இறங்கியது, சரி. ஆனால் 1995இல் 9ஏ என்பதே உலகின் உச்சிதான். ஒரு கிரேடைத் தப்பாகக் கணித்தவரைக் கால் நூற்றாண்டு பொய்யர் வரிசையில் நிற்க வைத்தோம்.

கவனித்துப் பாருங்கள், இந்தப் பேச்சு எப்போதும் யார்மேல் விழுகிறது? தனியாக வருபவர், கூட்டத்தில் சேராதவர், நமக்கு முடியாததை முடித்தவர். என் விஷயத்தில் மூன்றாவதுதான் முதல் காரணம். என் விரல் கிழிந்த இடத்தில் அவன் விரல் கிழியவில்லை என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

கேட்க வேண்டியதைக் கேட்காமல் விடுவது

மேலே சொன்னதைப் படித்துவிட்டு, யாரையும் எதுவும் கேட்கக் கூடாது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். முதுகுக்குப் பின்னால் பேசுவதுதான் தப்பு. முகத்துக்கு நேரே கேட்பது மரியாதை.

இத்தாலிய மலையேறி செசாரே மயெஸ்ட்ரி 1959இல் டோனி எக்கருடன் தென் அமெரிக்காவில் படகோனியாவின் செரோ டோரே சிகரத்தின் உச்சியைத் தொட்டதாகச் சொன்னார். இறங்கும்போது பனிச்சரிவில் எக்கர் இறந்துபோனார், கேமராவும் அவரோடு போனது என்றார். நண்பனைப் பறிகொடுத்துவிட்டு வந்தவரிடம் எப்படித் துருவிக் கேட்பது? பல வருஷம் யாரும் கேட்கவில்லை. பிறகு சந்தேகம் கிளம்பியபோது அவர் 1970இல் துளை போடும் கருவியை இயக்கும் கம்ப்ரஸரோடு போய், தென்கிழக்கு விளிம்பில் நூற்றுக்கணக்கில் போல்ட் அடித்தார். அப்போதும் உச்சியில் காளான்போல் திரண்டிருக்கும் பனியின்மேல் ஏறவில்லை.

விடை கிடைத்தது பாறையிலிருந்துதான். 2005இல் ரோலாந்தோ கரிபோட்டி என்ற மலையேறியும் இரண்டு பேரும் மயெஸ்ட்ரி சொன்ன வடபுறம் வழியாகவே ஏறினார்கள். கீழே, முக்கோணப் பனித்திட்டு வரை பழைய சாமான்கள் நிறையக் கிடந்தன. அதற்கு மேல் ஒரு ஆணிகூட இல்லை. 2015இல் கரிபோட்டி இன்னொன்றையும் காட்டினார்: எக்கர் செரோ டோரேயில் ஏறுவதாகச் சொல்லி வெளியான ஒரு படம், உண்மையில் வேறொரு சிகரத்தில் எடுக்கப்பட்டது. இதைத்தான் சந்தேகப்படும் முறை என்கிறேன். பேர் போட்டு, பொதுவில், ஆதாரத்தை எல்லோர் முன்னாலும் வைத்து, எதிராளி பதில் சொல்ல இடம் விட்டு.

நம் அளவில் நான்கு கேள்வி போதும்: யார் பெலே பிடித்தார்? கிரக்ஸை (ரூட்டின் மிகக் கடினமான இடத்தை) எந்த வரிசையில் செய்தீர்கள்? எத்தனை நாள் முயன்றீர்கள்? எந்த இடத்தில் அதிகம் விழுந்தீர்கள்? ஏறியவருக்கு இந்தக் கேள்விகள் திருவிழா. விரலை வைத்த கோணம் வரை கையை ஆட்டி ஆட்டிச் சொல்வார்.

வீடியோ இல்லாததை ஆதாரமாக எடுப்பது

வீடியோ இல்லை என்றால் வீடியோ இல்லை. அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

சுவிஸ் மலையேறி யூலி ஸ்டெக் 2013இல் இமயமலையில் அன்னபூர்ணாவின் தென்முகத்தைத் தனியாக 28 மணி நேரத்தில் ஏறி இறங்கியதாகச் சொன்னார். படம் எடுக்கப்போன நேரத்தில் பனிச்சரிவு கேமராவையும் ஒரு கையுறையையும் அடித்துக்கொண்டு போய்விட்டது என்றார். நம்பியவர்களும் உண்டு, நம்பாதவர்களும் உண்டு, இரண்டு பக்கமும் யோசித்துப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். 2017இல் அவர் நுப்சே சிகரத்தில் இறந்துபோனார். சில கேள்விகள் திறந்தேதான் கிடக்கும். தெரியாததைத் தெரியாது என்று வைத்திருக்கப் பழக வேண்டும்.

எப்படி ஏறினோம் என்பதை விழுங்குவது

இது நம் சொந்தப் பேர் கெடும் வழி. பொய் சொல்வதில்லை, பாதியை மட்டும் சொல்கிறோம். நடுவில் ஒரு தடவை கயிற்றில் உட்கார்ந்திருப்போம். குவிக்டிராக்கள் (போல்ட்டோடு கயிற்றை இணைக்கும் கொக்கிகள்) முன்பே தொங்கியிருக்கும். முதல் போல்ட்டில் கீழே நின்றே குச்சியால் கயிற்றை மாட்டியிருப்போம். கேட்டால் "முடிஞ்சது" என்போம்.

ஜெர்மன் கிளைம்பர் குர்ட் ஆல்பெர்ட் 1970களில் ஜெர்மனியின் ஃப்ராங்கன்யூராவில் ரூட்டின் அடியில் சிவப்பாக ஒரு வட்டம் வரைவார். ஆணியையோ கயிற்றையோ பிடித்து இழுக்காமல், எடை வைக்காமல், முழுதாக ஏறிய பிறகுதான் அந்த வட்டத்தை உள்ளே நிரப்புவார். அப்படி முழுதாக ஏறுவதைக் குறிக்கும் ரெட்பாயிண்ட் என்ற சொல்லே அதிலிருந்து வந்தது. நிரப்பாத வட்டத்தில் ஒரு அவமானமும் இல்லை. ஒரு விழுதலோடு ஏறினேன் என்று சொன்னவரை யாரும் குறைத்துப் பேசி நான் கேட்டதில்லை. சொல்லாமல் விட்டு, பிறகு பெலே பிடித்தவர் வாயிலிருந்து அது வெளிவந்தால், மறைத்தவர் அதற்கு முன் ஏறிய அத்தனை ரூட்டையும் ஊர் திரும்ப எண்ண ஆரம்பிக்கும்.

போல்ட்டைப் பிடுங்கும் அவசரம்

1970இல் வாரன் ஹார்டிங்கும் டீன் கால்ட்வெல்லும் எல் கேபிடனில் 27 நாள் இருந்து 'வால் ஆஃப் எர்லி மார்னிங் லைட்' என்ற ரூட்டை முடித்தார்கள். போல்ட்டும் ரிவெட்டும் (சிறு ஆணி) மிக அதிகம் என்று இன்னொரு கிளைம்பர் ராயல் ராபின்ஸுக்குக் கோபம். 1971இல் டான் லாரியாவோடு ஏறி, வழியில் வந்ததையெல்லாம் வெட்டிக்கொண்டே போனார். சில பிட்ச் (ஒரு கயிற்றளவு ஏற்றம்) போன பிறகு கை நின்றுவிட்டது. போல்ட்டுகளுக்கு நடுவில் ஹார்டிங் செய்திருந்த வேலை, கீழே இருந்து தான் நினைத்ததைவிட எவ்வளவோ கடினம் என்று தெரிந்தது. வெட்டுவதை நிறுத்திவிட்டு மேலே ஏறினார். கோபம் பாதியில் இருக்கும்போதே கண்ணைத் திறந்து பார்த்து நிறுத்தினாரே, அதற்காக ராபின்ஸ்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

2012இல் ஹேடன் கென்னடியும் ஜேசன் க்ரூக்கும் செரோ டோரேயில் மயெஸ்ட்ரி கம்ப்ரஸரால் அடித்த போல்ட்டுகளில் சுமார் 120ஐ இறங்கும்போது பிடுங்கினார்கள். அவர்கள் முதலில் அந்த போல்ட்டுகளின் தயவு இல்லாமல் ஏறிக் காட்டிவிட்டுத்தான் பிடுங்கினார்கள். அப்படியும் கீழே ஊரில் பெரிய கொந்தளிப்பு. அவர்கள் செய்தது சரி என்றுதான் நான் நினைக்கிறேன், ஆனால் ஏறாமல் பிடுங்கியிருந்தால் அப்படி நினைத்திருக்க மாட்டேன்.

ஒரு பெண் ஏறியதும் கிரேடைக் குறைப்பது

செய்யாதீர்கள்.

ஸ்பான்ஸர் இருப்பதால் நம்புவது, இல்லாததால் சந்தேகிப்பது

சட்டையில் ஒட்டிய பேருக்கும் பாறைக்கும் சம்பந்தம் கிடையாது.

பெலே பிடித்தவர் வாயை மூடிக்கொள்வது

இதைக் கடைசியில் வைத்தாலும் சின்ன விஷயம் இல்லை. நீங்கள் கீழே நின்று பார்த்தவர். ஏறியவரை ஊர் பொய்யர் என்கிறது, ஆனால் அவர் ஏறியபோது கயிற்றின் அடுத்த முனை உங்கள் கையில் இருந்தது. அந்தப் பையனின் அண்ணனிடம் நான் கேட்டது ஒரு வருஷம் தாமதமாக. "அப்பவே ஏன் யார்கிட்டயும் சொல்லலை?" என்றேன். "எங்களை யாரும் எதுவும் கேட்கலையே" என்றார்.