வெளியூர்ப் பெட்டி கட்டும் முன் உயரத்தைப் பாருங்கள்

பூமத்திய ரேகைப் பக்கம் என்றாலே வெயில் கொளுத்தும் என்று நினைத்து வெறும் பருத்திச் சட்டைகளோடு கிளம்பிவிடாதீர்கள். சிங்கப்பூரும் ஈக்வடாரின் கீட்டோவும் அந்த ரேகையை ஒட்டியே இருக்கின்றன, ஆனால் கடல்மட்டத்தில் இருக்கும் சிங்கப்பூரில் பகலில் 31, 32 டிகிரி, வருடம் முழுக்க மழை. சுமார் 2,850 மீட்டர் உயரத்தில் இருக்கும் கீட்டோவில் இரவானால் 10 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும், ஸ்வெட்டர் இல்லாமல் முடியாது. கணக்கு எளிது: ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏறும்போதும் தோராயமாக 6.5 டிகிரி குறையும்.

அப்புறம், தெற்கு அரைக்கோளத்தில் பருவம் தலைகீழ். ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்கு ஜூலையில் போனால் குளிரோடு மழையும் சேர்ந்து பிடிக்கும் (மத்திய தரைக்கடல் வகைக் காலநிலை, கோடையில்தான் வறட்சி), அதனால் குடை அவசியம்.

பாலைவனமா? பகல் வெயிலை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். மேகமும் ஈரப்பதமும் இல்லாததால் மண்ணின் சூடு ராத்திரியில் சட்டென்று வெளியேறிவிடும். ஒரு ஜாக்கெட் வைத்துக்கொள்ளுங்கள், சரியா?

ஆண்டுச் சராசரி வெப்பநிலையை நம்பவே வேண்டாம். நீங்கள் போகும் மாதத்தின் இரவு வெப்பநிலையைத் தேடிப் பாருங்கள்.